உங்களுக்குத் தெரியுமா? வண்டி இழுத்த குதிரைகள்

லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு ராஷ்பிஹாரி அவென்யூவுக்கு வந்தால், சாலை நடுவே டிராம் தடம். தென்கொல்கத்தாத் தமிழ்க் குடும்பங்கள் காபித்தூளுக்கும் கறிவேப்பிலைக்கும் காலகாலமாக இந்தத் தடத்தைத் தாண்டித்தான் போய்வருகின்றன. இந்த நகரத்தின் முதல் டிராமை இழுத்தது மின்சாரம் அல்ல, குதிரை. இந்த முறை பேச்செல்லாம் வண்டிக்குதிரைகளைப் பற்றித்தான்.

◆

கொல்கத்தாவின் முதல் குதிரை டிராம் 1873 பிப்ரவரி 24 அன்று ஓடியது. சியால்தாவிலிருந்து ஹூக்ளிக் கரையில் உள்ள அர்மீனியன் காட் வரை, 3.9 கிலோமீட்டர். ஏறுவதற்குப் போதிய ஆள் இல்லாததால் அதே ஆண்டு நவம்பர் 20-ஆம் தேதி நிறுத்திவிட்டார்கள். ஒன்பது மாதம்கூட முழுதாக ஓடவில்லை.

1880-இல் மீட்டர் கேஜ் தடம் போட்டு மறுபடி தொடங்கினார்கள். நவம்பர் 1 அன்று தொடங்கிவைத்தவர் வைஸ்ராய் ரிப்பன் பிரபு. சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை தாங்கி நிற்பதும் இவர் பெயரைத்தான். இம்முறை டிராம் ஊன்றிக்கொண்டது. அந்த நூற்றாண்டு முடியும்போது கம்பெனியிடம் 166 பெட்டிகள், 19 மைல் தடம், 7 நீராவி எஞ்சின்கள் இருந்தன. குதிரைகள் மட்டும் 1000.

ஆயிரம் குதிரை என்றால் என்னவென்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விடிவதற்கு முன் அத்தனைக்கும் புல்லும் தானியமும் தண்ணீரும் போக வேண்டும். தேய்ந்த லாடத்தைக் கழற்றிப் புது லாடம் அடிக்க வேண்டும். ஒரு குதிரை நாள் முழுக்க இழுக்காது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்து, வேறு குதிரையைப் பூட்ட வேண்டும். சித்திரை வெயிலிலும், முழங்கால் தண்ணீர் நிற்கும் ஆடி மழையிலும் இதே வேலை. தடத்தில் வழுக்கி விழும் குதிரையைத் தூக்கி நிறுத்துவது வண்டிக்காரர் பாடு. டிராம் வரலாறு என்று எழுதுகிறவர்கள் பெட்டியின் நிறத்தையும் மின்கம்பியையும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். குதிரைக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. அது எனக்கு ஏற்பில்லை.

1902 மார்ச் 27 அன்று எஸ்பிளனேடிலிருந்து கித்தர்ப்பூருக்கு மின்சார டிராம் ஓடியது. குதிரைகளின் வேலை அதன்பின் முடிவுக்கு வந்தது.

◆

மின்சார டிராமில் கொல்கத்தாவை முந்திக்கொண்டது நம்ம மெட்ராஸ். அங்கே 1895-லேயே ஓடிவிட்டது, ஏழு ஆண்டு முன்னதாக! ஆனால் மெட்ராஸ் டிராம் 1953-இல் நின்றுபோனது.

◆

மாட்டை நுகத்தடியில் பூட்டுகிறோம். குதிரையை ஏன் அப்படிப் பூட்டுவதில்லை? மாட்டுக்குத் திமில் இருக்கிறது. நுகம் திமிலுக்கு முன்னால் பதிந்து நிற்கும், மாடு தோள் கொடுத்து இழுக்கும். குதிரைக்குத் திமில் கிடையாது. கழுத்தில் வாரைக் கட்டி இழுக்கவிட்டால், பாரம் ஏற ஏற வார் மேலேறித் தொண்டையை நெரிக்கும்.

இதற்கு வழி கண்டவர்கள் சீனர்கள். உள்ளே பஞ்சணை போல அடைத்த ஒரு வளையத்தைக் கழுத்தில் மாட்டி, பாரம் முழுவதையும் இரண்டு தோள்களுக்கும் மாற்றினார்கள். அந்த வளையம் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன். அதன் பிறகுதான் அங்கே உழவில் மாட்டின் இடத்துக்குக் குதிரை வந்தது. இன்று ஐரோப்பியக் கோட்டைகளில் இடைக்கால விழா நடத்தி, பிடரி பின்னி அழைத்து வருகிறார்களே பெரும் உழவுக்குதிரைகளை, அவற்றின் பெருமை அந்தக் கழுத்து வளையத்திலிருந்து தொடங்குகிறது.

◆

அந்தக் கோட்டை வீரர்கள் மலை போன்ற குதிரைகளில் போருக்குப் போனதாகச் சினிமா காட்டுகிறது. இங்கிலாந்தில் தோண்டியெடுத்த இடைக்காலக் குதிரை எலும்புகளை அளந்து 2022-இல் வெளியான ஆய்வு வேறு கதை சொல்கிறது. பெரும்பாலானவை தோள் உயரம் நாலடி பத்து அங்குலத்துக்கும் குறைவு, இன்றைய மட்டக்குதிரை அளவு. நார்மன் காலக் குதிரைகளில் மிக உயரமானது டிரோபிரிட்ஜ் கோட்டையில் கிடைத்தது. அதுவே ஐந்து அடிதான். இன்றைய ஷயர் இன வண்டிக்குதிரை அதைவிட அரை அடிக்கும் மேல் உயரம்.

◆

தோட்டத்துக் கிணற்றில் “அஞ்சு எச்.பி. மோட்டார்” என்கிறோமே, அந்தக் குதிரைத்திறன் எந்தக் குதிரையுடையது? ராஜா ஏறிய குதிரையுடையது அல்ல, உழைத்த குதிரையுடையது. தன் நீராவி எஞ்சின் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று வாங்குகிறவர்களுக்குப் புரியவைக்க ஜேம்ஸ் வாட் போட்ட கணக்கு அது. நிமிடத்துக்கு 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயரம் தூக்குவது ஒரு குதிரைத்திறன்.

◆

லேக் மார்க்கெட் மளிகைக் கடையில் ரசத்துக்கும் துவையலுக்கும் வாங்கும் கொள்ளு, ஆங்கிலத்தில் ‘குதிரைப் பயறு’ என்றே பெயர் பெற்றது. நம் நாட்டில் குதிரைக்கு வேகவைத்துக் கொடுத்த தீனி அது.

◆

பாண்டிய நாட்டுக்குக் காயல் துறைமுகம் வழியாக அரபுக் குதிரைகள் வந்து இறங்கின. மன்னர் ஆண்டுதோறும் 2000-க்கும் மேல் வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாது என்றும் 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்தார். பராமரிக்கத் தெரியாததும், லாடம் அடித்து வைத்தியம் பார்க்க ஆள் இல்லாததும்தான் காரணமாம். குதிரை விற்ற வணிகர்களே அப்படிப்பட்ட ஆட்களை வரவிடவில்லை என்றும் சொல்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்பனை! படிக்கவே வயிறு எரிகிறது.

குதிரை வாங்கப் புறப்பட்ட மாணிக்கவாசகர் கதையும் பாண்டிய நாட்டுக் கதைதான். நரி பரியான அந்த லீலை ஆவணி மூலத் திருவிழாவில் மதுரையில் இன்றும் நடக்கிறது. அவர் போய்ச் சேர்ந்த ஆவுடையார்கோவிலில் பல வகைக் குதிரைகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

◆

வங்காளத்திலும் மண் குதிரை உண்டு. பாங்குரா மாவட்டம் பாஞ்ச்முரா கிராமத்துக் குயவர்கள் செய்யும் நீண்ட கழுத்துக் குதிரையை வீட்டு வரவேற்பறைகளில் பார்த்திருப்பீர்கள். அது முதலில் அலங்காரப் பொருள் அல்ல, நேர்த்திக்கடன். தர்மதாகுர் என்னும் கிராம தெய்வத்துக்குச் செய்து வைத்தது. நம் ஐயனாருக்குப் புரவியெடுப்பில் வேளார்கள் செய்து கொடுப்பதும் மண் குதிரைதான். புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் முப்பது அடிக்கு மேல் உயரமான ஐயனார் குதிரை நிற்கிறது. மாசி மகத்தன்று காகிதப்பூ மாலைகள் அதன் உடல் தெரியாமல் மூடிவிடும். இரண்டு ஊர்க் குயவர்கள், ஒரே வேண்டுதல். கொல்கத்தாத் தமிழர்கள் பாஞ்ச்முராவுக்கு ஒருமுறையாவது போய்வர வேண்டும். மல்ல மன்னர்களின் கோட்டை வாசலும் 1600-இல் வீர் ஹம்பீர் எழுப்பிய ராஸ்மஞ்சக் கோயிலும் உள்ள விஷ்ணுப்பூர் பக்கத்தில்தான். டிசம்பர் கடைசியில் அங்கே மேளா நடக்கும்.

◆

உயிருள்ள குதிரைக்குத் தமிழ்நாட்டில் திருவிழா என்றால் அந்தியூர். ஈரோடு மாவட்டத்துக் குருநாதசுவாமி கோயிலில் ஆடி மாதம் கூடும் சந்தைக்குக் கத்தியவார், மார்வாரி இனக் குதிரைகளும் வரும், பர்கூர் மலை மாடும் வரும். திப்பு சுல்தான் காலத்தில் தொடங்கியது என்பது ஊர்ப் பேச்சு.

◆

பெல்ஜியத்தின் ஓஸ்ட்டைன்கெர்க்க கடற்கரையில் பிரபாண்ட் இன வண்டிக்குதிரைகள் நெஞ்சளவு கடலில் இறங்கி இறால் வலை இழுக்கின்றன. 2013-இல் யுனெஸ்கோ இந்தத் தொழிலை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

◆

2023 பிப்ரவரியில் கொல்கத்தா டிராமின் 150-ஆம் ஆண்டை, பழைய பெட்டிகளை அலங்கரித்து ஓட்டிக் கொண்டாடினார்கள். அந்த 150-இல் முதல் முப்பது ஆண்டு, ஓடாத இடைவெளி போக, பெரும்பாலும் குதிரையுடையது. உழைத்த மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் பூசிப் பொங்கல் ஊட்டுகிறவர்கள் நாம். அடுத்த பிப்ரவரி 24 அன்று, லேக் மார்க்கெட் பூக்கடையில் ஒரு முழம் கூடுதலாக வாங்குங்கள். விக்டோரியா நினைவு மண்டபத்துக்கு வெளியே சாரட்டு இழுக்கும் குதிரைகள் நிற்கும். வண்டிக்காரரிடம் கேட்டு ஒன்றின் கழுத்தில் போடுங்கள். பையில் இரண்டு படி ஊறவைத்த கொள்ளும், ஒரு வாளித் தண்ணீருக்கு வழியும் இருக்கட்டும்.