ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம்



இலக்கியத் தொடரில் கணக்குக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். பூண்டுலோயாத் தேயிலை மலையில் வளர்ந்தவன் நான். எங்களைப் பற்றிய ஓர் எண்ணை என்னால் கடந்து போக முடிவதில்லை. அது 975,000.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எம்மவரில் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை அவர்களை இவ்வெண்ணுக்குள் அடக்கிற்று. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வதாம்.

முதலில் அந்த மூன்று பூச்சியங்களைப் பாருங்கள். பிரட்டுக் களத்தில் ஆளெண்ணிப் பேர் போடும் செக்ரோலில் 487 வரும், 613 வரும். மூன்று பூச்சியத்தில் முடியும் தலைக்கணக்கு அபூர்வம். உடன்படிக்கையே 'ஏறத்தாழ' என்றுதான் சொல்கிறது. அது தலை எண்ணி வந்த தொகையல்ல, மதிப்பீடு.

அடுத்து, காரணிகள். அந்த மூன்று தொகைகளுக்கும் பொதுக் காரணிகளுட் பெரியது 75,000. அதனால் வகுத்தால் 7, 4, 2 என வரும். கூட்டினால் 13. இரு நாடுகளும் 15 ஆண்டுகளில், இதே விகிதத்தில் ஒன்றையொன்று அனுசரித்துப் பணியை முடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஏழு பேருக்கு நான்கு பேர் என்ற பேச்சு அப்படிப் பிறந்ததுதான்.

13 ஒரு முதன்மை எண். ஒன்றும் தானுமன்றி அதற்கு வேறு காரணி இல்லை. சமமான கூறுகளாகப் பிரிய அது இணங்காது. ஒரு லயத்தில் ஒரே குடும்பத்தார் 13 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுவர் தலைமன்னாரில் கப்பலேறுவர். நால்வர் கொழுந்துக் கூடையுடன் இங்கே நிற்பர். இருவர் எந்த ஊரார் என்று தெரியாமலே பத்து வருடம் காத்திருப்பர். 1974இல் அந்த இருவரையும் ஆளுக்கொருவராக இரு நாடுகளும் பங்கிட்டன. ஆக, 8க்கு 5.

யாப்பறிந்தவர்களுக்கு இவ்வெண்கள் புதியனவல்ல. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு. நான்கு மாத்திரையை நிரப்ப 5 வழி, ஐந்துக்கு 8, ஆறுக்கு 13. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சமண அறிஞர் ஹேமச்சந்திரர் இந்த வரிசையை விளக்கினார். தற்செயலான ஒற்றுமைதான். ஆனால் யாப்பில் ஐந்தும் எட்டும் கூடிப் பதின்மூன்றாகின்றன. எங்கள் வாழ்விலோ பதின்மூன்று எட்டாகவும் ஐந்தாகவும் பிரிந்து போயிற்று.

2003இல் வந்த சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் இலங்கைக் குடியுரிமைக்கு வழி திறந்தது. அதற்கு முன்பே கப்பலேறியவர்கள் ஏறிவிட்டார்கள்.

மலையகச் சிறுகதையொன்றில் ரயில் நிலையத்திலே அண்ணனும் தம்பியும் பிரியும் காட்சி வந்தால், ஆசிரியர் மிகைப்படுத்துகிறார் என்று எண்ணாதீர்கள். அந்த இருவருக்கும் பின்னால் ஒரு வகுத்தற் கணக்கு இருக்கிறது.