கால்சியமே இறுக்கும், கால்சியமே தளர்த்தும்

ரத்தக்குழாய் சுவரில் இருக்கிற மென்தசையைப் பற்றிப் படிக்க ஆரம்பிச்சா, முதல் பாடம் இதுதான்: செல்லுக்குள் கால்சியம் கூடினால் தசை சுருங்கும், குழாய் குறுகும், பிரஷர் ஏறும். அம்லோடிபின் மாத்திரை வேலை செய்வதும் இதே கணக்கில்தான்; கால்சியம் உள்ளே வரும் வழியை அது அடைக்கிறது. குழாயின் ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைஞ்சாலே ரத்த ஓட்டத்துக்கான தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். அதனால் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனா அதே கால்சியம் தசையைத் தளர்த்தவும் செய்யும். எப்படி?

இங்கேதான் பொட்டாசியம் சேனல் வருது. செல்லுக்குள் பொட்டாசியம் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல். வெளியே வெறும் 4, 5. சேனல் திறந்தால் பொட்டாசியம் வெளியே ஓடும். நேர்மின்னூட்டம் வெளியேறுவதால் செல்லின் உட்புறம் இன்னும் எதிர்மின்னாகும். கால்சியம் நுழையும் சேனல்கள் மின்னழுத்தத்தைப் பார்த்துத் திறப்பவை. உட்புறம் எதிர்மின்னானால் மூடிக்கொள்ளும். சில மில்லிவோல்ட் மாற்றமே போதும். (வாழைப்பழம் சாப்பிட்டா இந்தச் சேனல் திறக்குமான்னு கேட்காதீங்க. அது பெரும்பாலும் கிட்னி வழியா நடக்கிற வேறு கதை.)

இந்த வகையில் ஒன்று பிகே சேனல். ஒரே நேரத்தில் ஏராளமான பொட்டாசியத்தை விடுவதால் 'பிக்' என்று பேர். இது திறக்கக் கால்சியம் வேணும், அதுவும் நிறைய. செல்லின் சராசரிக் கால்சியம் அதற்குப் போதவே போதாது.

1995-ல் மார்க் நெல்சன் குழுவினர் எலி மூளைத் தமனிகளில் இதற்கு விடை கண்டார்கள். செல்லுக்குள் இருக்கும் கால்சியக் கிடங்கிலிருந்து, சவ்வை ஒட்டி, குட்டிக் குட்டிப் பொறிகளாகக் கால்சியம் தெறிக்கிறது. ஒவ்வொன்றும் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் அணைஞ்சுடும். பொறி விழும் இடத்தில் கால்சியம் பல மடங்கு எகிறும்; செல் முழுக்கப் பார்த்தா அளவு மாறினதே தெரியாது. தசைநாரைச் சுருக்க அது பத்தாது. பக்கத்தில் இருக்கிற பிகே சேனலைத் திறக்க மட்டும் தாராளம்.

அவர்கள் சோதித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரயனோடின் கொடுத்துப் பொறிகளை நிறுத்தினார்கள், தமனி சுருங்கியது. ஐபீரியோடாக்சின் கொடுத்துப் பிகே சேனலை அடைத்தார்கள், அப்பவும் சுருங்கியது. சேனலை அடைத்த பிறகு ரயனோடின் கொடுத்தால் கூடுதலாக ஒன்றும் பெரிசா நடக்கலை. ஆக இரண்டும் ஒரே பாதை. அந்த ஐபீரியோடாக்சின் நம்ம ஊர் செந்தேளின் விஷத்திலிருந்து பிரித்தது. அந்தத் தேளின் அறிவியல் பெயரிலேயே 'டாமுலஸ்' இருக்கு!

சரி, இந்தப் பாதை உடைஞ்சா என்ன ஆகும்? பிகே சேனலோடு ஒட்டியிருக்கும் பீட்டா-1 என்ற துணைப் புரதம்தான் அதற்குக் கால்சியத்தை உணரும் கூர்மையைத் தருகிறது. அதற்கான ஜீனை நீக்கிய சுண்டெலிகளைப் பற்றி 2000-ல் நேச்சர் இதழில் வந்தது. பொறிகள் வழக்கம்போல் தெறித்தன. சேனல்தான் சரியாகக் காதில் வாங்கலை. அந்த எலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியது, இதயத்தின் இடது கீழறைச் சுவரும் தடித்துப்போனது.