மின்மைப் பலகையும் ஒளிப்பலகையும்

மின்கருவியிற் படித்தல் எனின் எல்லாம் ஒன்றே எனக் கருதுவார் பலர். ரப்லெட் எனப்படும் ஒளிப்பலகையும், மின்னால் இயங்கும் மையையுடைய கிண்டில் முதலிய பலகைகளும் தோற்றத்தால் ஒத்தன. தொழிற்படும் முறையால் வேறு. பின்னையவற்றை ஈண்டு மின்மைப் பலகை என்போம்.

மின்மையின் பிறப்பிடம் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகம். பேராசிரியர் ஜோசப் ஜேக்கப்சனும் மாணாக்கர் சிலரும் ஆங்கு நடத்திய ஆய்விலிருந்து 1997இல் ஈ இங்க் நிறுவனம் தோன்றியது. 2004இல் சொனி நிறுவனம் யப்பானில் இம்மையைக் கொண்ட படிகருவியை விற்பனைக்கு விட்டது. 2007இல் கிண்டில் வந்தது.

திரையினுள் மயிரிழையளவு பருமனுடைய நுண்குமிழ்கள் எண்ணிறந்தன உள. ஒவ்வொன்றினுள்ளும் தெளிந்த திரவத்தில் வெண்ணிறத் துணிக்கைகளும் கருநிறத் துணிக்கைகளும் மிதக்கின்றன. முன்னையவை நேரேற்றமும் பின்னையவை மறையேற்றமும் உடையன. கீழுள்ள மின்வாய் மறையேற்றம் பெறின் வெண்மை கீழிறங்கும். கருமை மேலெழுந்து எழுத்தாகும். மின்னை நிறுத்தினும் துணிக்கைகள் நின்றவிடத்தே நிற்கும். ஆதலின் பக்கம் மாறும்போதன்றி எழுத்தைக் காட்ட மின் வேண்டுவதில்லை. ஒளிப்பலகையோ பொதுவாகச் செக்கனுக்கு 60 முறை படத்தைப் புதுப்பித்துக்கொண்டேயிருக்கும்.

கண்ணுக்கு நன்மை என்பதையே விற்போர் பெரிதும் கூறுவர். யாம் அதனை முதன்மையாகக் கொள்ளோம். ஒளியைத் தணித்து வைப்பின் ரப்லெட்டும் கண்ணை அத்துணை வருத்தாது. வேலைக்கு மின்மையை விரும்புதற்குக் காரணம் அதன் குறைபாடே. பக்கம் மாறச் சிறிது பொழுது செல்லும். முன்பக்கத்தின் நிழல் சிலவேளை எஞ்சும். நிகழ்படம் காணச் சகியாது. எனவே படித்தலையன்றிப் பிறிதொன்றை அதன்பால் நாடுவார் அரியர். நீண்டதோர் ஆய்வேட்டை மதிப்பிடும் ஆசிரியருக்கு இடையிற் குறுக்கிடும் ஒரு செய்தி, பத்துப் பக்கமாகப் பற்றிவந்த வாதத்தொடரையே அறுத்துவிடும். அறுந்ததை மீட்கச் செலவாகும் பொழுதை எவரும் கணக்கிடுவதில்லை.

நிலப்படமும் வண்ண வரைபடமும் ரப்லெட்டுக்கே உரியன. வண்ண மின்மை உளதெனினும் அதன் நிறம் மங்கல்.

எம்மவர்க்கு வேறோர் இடர்ப்பாடும் உண்டு. 2005 தொடக்கம் ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் மலர்களையும் தொகுத்து வருகின்றது. அவை பெரும்பாலும் பக்கப் படங்களாதலின் ஆறங்குலத் திரையில் எழுத்துச் சிறுத்துப் புள்ளியும் மறைந்துபோம். பத்தங்குலமேனும் வேண்டும், அவ்வளவினதன் விலையோ நல்லதொரு ரப்லெட்டின் விலையை எட்டும். ஆதலின் ரப்லெட் ஒன்றே உடைய மாணவர் புதியதை வாங்க விரைய வேண்டா. வேண்டிய நூலை முன்னரே இறக்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டுப் படிக்கலாம்.