விடைக்கோழி ஏன் உப்பி நிற்கிறது?

மூலக்குளத்தில் வீட்டுக்குப் பின்னால் நாலைந்து நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள், ஐப்பசி அடைமழையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இறகை உப்பிக்கொண்டு மூலையில் தனியே நிற்கும் விடைக்கோழி. ஏன் உப்புகிறது? கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். இரை எடுக்காதபோது அந்தச் சூட்டைக் காக்க, இறகுகளுக்கிடையே காற்றைத் தேக்கிக்கொள்கிறது. நோயை மறைப்பது கோழியின் சுபாவம். நம் கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும்.

சாயங்காலம் அடையும் நேரத்தில் தூக்கி, கழுத்தடியில் தீனிப்பையைத் தடவுங்கள், நிறைந்திருக்க வேண்டும். விடிந்தும் கல்லாகவோ கொழகொழவென்றோ இருந்தால் இரை இறங்கவில்லை. அடுத்து எச்சம். ரத்தம் கலந்திருந்தால் ரத்தக்கழிச்சலாக இருக்கலாம். ஐமீரியா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி குடல் சுவரைச் சிதைப்பதால் வருவது. எச்சத்தில் வெளியேறும் அதன் முட்டைகள் ஈரத்தரையில் ஓரிரு நாளில் தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். மழைக்காலத்தில் இது கூடுவது அதனால்தான். இதற்குத் தரும் ஆம்ப்ரோலியம் பலே மருந்து: பி1 வைட்டமின் வேடத்தில் போய் ஒட்டுண்ணியைப் பட்டினி போடும். கூடவே பி காம்ப்ளெக்ஸ் டானிக் ஊற்றினால் மருந்தின் வீரியம் குறையும்.

பச்சையும் வெள்ளையுமாய்க் கழிந்து, கழுத்தும் திருகினால் ராணிக்கெட். அது வைரஸ், வந்தபின் மருந்தில்லை, முன்கூட்டியே தடுப்பூசிதான். எதுவானாலும் கோழியைப் பிரித்து, காய்ந்த உமி பரப்பிய பெட்டியில், குண்டு பல்பின் சூட்டில் வையுங்கள். எச்சத்தைப் பரிசோதிக்கப் பக்கத்துக் குரும்பாபேட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.