குடுமி வளர்த்த பயணிகள்

தண்டவாளம் இல்லாத ஊரிலிருந்து – 11

குடுமியான்மலைக்கு ரயில் கிடையாது. பல்லவர் காலக் குகை கிடைக்கும், சங்கீதக் கல்வெட்டு கிடைக்கும், ஆயிரங்கால் மண்டபம் கிடைக்கும். தண்டவாளம் மட்டும் கிடைக்காது. ரயிலேற வேண்டுமென்றால் இருபது கிலோமீட்டர் பஸ்ஸில் புதுக்கோட்டை போய், பஸ் ஸ்டாண்டிலிருந்து இன்னொரு வண்டி பிடித்து ரயிலடிக்குப் போக வேண்டும். அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் ரயிலைப் பற்றிப் பேசினால் சம்பந்தி வீட்டைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். உறவு உண்டு, உரிமை கிடையாது. குறை சொல்வதற்கு மட்டும் பஞ்சமே இருக்காது.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குள் 1929இல் மீட்டர் கேஜ் வண்டி நுழைந்த கதையைப் போன வாரம் சொன்னேன். இந்த வாரம், அந்த வண்டி போன பிறகு அதன் இடத்துக்கு வந்தவற்றின் கதை. பழைய வண்டியின் தாளத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. சங்கீதக் கல்வெட்டு ஊர்க்காரன் அதைத்தான் எழுதுவான் என்று சிலர் காத்திருப்பார்கள். தடக் தடக் என்ற அந்தச் சத்தம் வண்டியின் சொத்தல்ல, தண்டவாளத்துச் சந்துகளின் சொத்து. சந்துகளைப் பற்றவைத்து நீளநீளமான தண்டவாளம் போட்டதும் சத்தம் போயிற்று. அதற்காகப் புது வண்டியைத் திட்டுவது நியாயமில்லை. திட்டுவதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன.

ஒரு பயணிக்கு மீட்டர் கேஜ் என்றால் என்ன, பிராட் கேஜ் என்றால் என்ன? முன்னதில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஆயிரம் மில்லிமீட்டர், பின்னதில் 1676. கணக்குப்படி வண்டி அகலமாகிறது, வேகமாகிறது, சென்னைக்கு நேராகப் போகிறது. இதெல்லாம் நடந்தது. பல்லவன் காரைக்குடி வரைக்கும் வந்தது, சேது எக்ஸ்பிரஸ் வந்தது, சிலம்பு வந்தது. மறுப்பதற்கில்லை. ஆனால் கீரனூரில் ஏறி நார்த்தாமலையிலோ வெள்ளனூரிலோ இறங்குகிறவருக்குப் பல்லவனால் என்ன ஆகும்? அவருக்கு வாய்த்தது டெமு.

டெமு என்பது தனி எஞ்சின் இல்லாத ரயில். டீசல் எஞ்சின் வண்டியின் முனையில் இருக்கும் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அந்தப் பெட்டியின் ஒரு பகுதியை அது எடுத்துக்கொள்ள, மீதியில் நாம். கடைசி ஸ்டேஷனில் எஞ்சினைக் கழற்றி, சுற்றிக்கொண்டு வந்து, மறுமுனையில் மாட்டுகிற வேலை இல்லை. டிரைவர் இந்த முனையிலிருந்து இறங்கி அந்த முனைக்கு நடந்துபோய் உட்கார்ந்தால் வண்டி திரும்பிவிட்டது. நின்று நின்று போகிற தடத்தில் சட்டென்று வேகம் எடுக்கும். வாசல் அகலம், கூடையோடும் மூட்டையோடும் ஏறி இறங்க வசதி. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பிலேயே கட்டியிருக்கிறார்கள். இயக்குகிறவர் பக்கமிருந்து பார்த்தால் இதைவிடச் சமத்தான வண்டி வேறில்லை.

பல டெமு வண்டிகளில் கழிப்பறை கிடையாது.

இந்த ஒரு வரியைத் தனியாக எழுதியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பழைய பாசஞ்சர் வண்டியின் பெட்டிகளில் கழிப்பறை இருந்தது. நாற்றமடித்தது, தண்ணீர் வராது, தாழ்ப்பாள் விழாது, இருந்தாலும் இருந்தது. அதை யாரும் ஒரு வசதி என்று எண்ணியதில்லை. வண்டிக்குச் சக்கரம் இருக்கிற மாதிரி அதுவும் இருந்தது. புது வண்டியின் பெருமைகளைச் சொல்லும் தாளில் குதிரைத்திறன் வரும், வேகம் வரும், எத்தனை பேர் ஏறலாம் என்பது வரும். பழைய வண்டியில் இருந்து இதில் இல்லாமல் போனவை என்று ஒரு பத்தி எந்தத் தாளிலும் வராது.

நம் நாட்டு ரயிலில் சாதாரண வகுப்புக்குக் கழிப்பறை வந்ததற்கு ஒரு கதை சொல்வார்கள். 1909இல் ஒகில் சந்திர சென் என்ற வங்காளத்துப் பயணி சாகிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்குத் தட்டுத்தடுமாறிய இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினார். பலாப்பழத்தை அளவுக்கு மீறித் தின்றுவிட்டு வண்டியில் வந்தவர், அகமதுபூர் ஸ்டேஷனில் ஒதுங்குவதற்காக இறங்கினார். காரியம் முடிவதற்குள் கார்டு விசில் ஊதிவிட்டார். ஒரு கையில் சொம்பு, மறு கையில் வேட்டி, ஓட்டம், குப்புற விழுந்தது, பிளாட்பாரத்தில் இருந்த ஆண் பெண் எல்லோருக்கும் காட்சியானது, வண்டி போயே போனது: அத்தனையும் கடிதத்தில் இருக்கிறது. கார்டுக்கு அபராதம் போடாவிட்டால் பத்திரிகைக்கு எழுதுவேன் என்று மிரட்டலும் உண்டு. டெல்லி ரயில் அருங்காட்சியகம் போகிறவர்கள் இந்தக் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டு வருவார்கள். வடகாடும் கீரமங்கலமும் உள்ள மாவட்டத்துக்காரனுக்கு அவ்வளவு எளிதாகச் சிரிப்பு வராது. ஆனி மாதத்தில் எங்கள் பக்கத்து வண்டியில் பலாப்பழ வாசனை இல்லாத பெட்டியைக் காட்டுங்கள்.

ஒகில் பாபு விழுந்து எழுந்து வாங்கிக் கொடுத்ததை நூறு வருஷம் கழித்து ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டார்கள். ஏன் எடுத்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்கிறது: இது குறுந்தூர வண்டி. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் போகிறவருக்கு எதற்கு? சென்னை மின்சார ரயிலில் என்ன கழிப்பறையா இருக்கிறது?

இந்த இடத்தில் எங்கள் ஊர்ச் சாமியைக் கூப்பிட்டாக வேண்டும். தெரியாதவர்களுக்காகக் கதை. குடுமியான்மலைக் கோயில் அர்ச்சகர், சாமிக்கு வைத்திருந்த பூவை எடுத்துத் தன் மனசுக்குப் பிடித்தவளுக்குச் சூட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து ராஜா வந்துவிட்டார். பதறிப்போன அர்ச்சகர் அதே பூவை வாங்கி வந்து பிரசாதமாகக் கொடுக்க, அதில் ஒரு நீளமான தலைமுடி. இது எப்படி வந்தது என்றார் ராஜா. எங்கள் சாமிக்குக் குடுமி உண்டு மகாராஜா என்றார் அர்ச்சகர், வாய்க்கு வந்தபடி. காட்டு என்றார் ராஜா. அடியாரைக் காட்டிக்கொடுக்க மனமில்லாத சிவபெருமான் லிங்கத்தின் மேல் குடுமி வளர்த்துக்கொண்டார். சிகாநாதர் என்று பெயரும் வைத்துக்கொண்டார்.

ஃபைலில் யாரோ ஒருவர் "குறுந்தூரம்" என்று எழுதிவிட்டார். அதை நிஜமாக்க வேண்டிய பொறுப்பு பயணிகள் தலையில் விழுந்தது. நாங்கள்தான் குடுமி வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

எப்படி வளர்க்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமென்றால் மாவட்டத்தின் கிழக்குக் கோடிக்கு வாருங்கள். அறந்தாங்கி வழியாகப் போகிற திருவாரூர்–காரைக்குடி தடம், 149 கிலோமீட்டர். கம்பன் எக்ஸ்பிரஸ் ஓடிய மீட்டர் கேஜ் தடம் அது. அகலப்படுத்துவதற்காக 2012இல் மூடினார்கள். திறந்து முழுத் தடத்திலும் வண்டி விட்டது 2019 ஜூன் 1ஆம் தேதி. ஏழு வருஷம் காத்திருந்த ஜனங்களுக்கு வந்து சேர்ந்தது ஒரு டெமு. தடம் புதிது, வண்டி புதிது, ஸ்டேஷன் புதிது. லெவல் கிராசிங்குகளில் கேட்டை மூட மட்டும் ஆள் போடவில்லை.

அதனால் ஆளை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். முன் பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கிப்போய் கேட்டை மூடுவார். வண்டி கேட்டைத் தாண்டி மறுபடி நிற்கும். பின் பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கி கேட்டைத் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். அடுத்த கேட்டில் மறுபடி முதலிலிருந்து. 149 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை. ஒகில் பாபு மட்டும் இந்த வண்டியில் வந்திருந்தால் கார்டு மேல் கோபப்பட்டிருக்க மாட்டார், ஒரு கேட்டில் விட்டால் அடுத்த கேட்டில் பிடித்திருக்கலாம். பிற்பாடு முன்னாள் ராணுவத்தினரை கேட் கீப்பர்களாகப் போட்டார்கள், நேரம் குறைந்தது. 2025 ஏப்ரலில் தாம்பரம்–ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் அந்த வழியில் ஓடத் தொடங்கியது. இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனால் முதல் சில வருஷங்களில் பஸ்ஸுக்கு மாறிப்போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்திருப்பார்கள்? கூட்டம் இல்லாத தடம் என்று நாளைக்கு இன்னொரு ஃபைலில் எழுத அது உதவும்.

கொரோனா காலத்தில் நடந்தது இன்னும் விசித்திரம். அப்போது புது வண்டிகூடத் தேவைப்படவில்லை, புதுப் பெயரே போதுமானதாக இருந்தது. 2020 மார்ச்சில் நின்றுபோன பாசஞ்சர் வண்டிகள் திரும்பி வந்தபோது எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல் என்ற பட்டத்தோடு வந்தன. அதே பெட்டி, அதே ஸ்டேஷன்கள், அதே வேகம். குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் பத்து ரூபாயிலிருந்து முப்பது. 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. நடுவில் போன இருபது ரூபாய்களை யாரிடம் கேட்பது? இரண்டு ஸ்டேஷன் தள்ளி வேலைக்குப் போகிறவருக்குப் போக இருபது, வர இருபது. மாசக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சென்னைவாசிகள், இது ஏதோ புதுக்கோட்டைச் சீமைப் பஞ்சப்பாட்டு என்று பக்கத்தைத் திருப்ப வேண்டாம். 2025 ஏப்ரல் 19ஆம் தேதி பீச்–தாம்பரம்–செங்கல்பட்டு தடத்தில் குளிர்சாதன மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. குறைந்தது 35 ரூபாய், அதிகம் 105. சாதாரண மின்சார ரயிலில் ஐந்து ரூபாயில் தொடங்குகிறது. சித்திரை வெயிலில் அந்தப் பெட்டியின் அருமை எனக்கும் தெரியும். ஆனால் தண்டவாளம் ஒன்றுதான். அதில் ஒரு ஏ.சி. வண்டி போகிற நேரத்தில் வேறு வண்டி போக முடியாது. மும்பை ஜனங்கள் இதை 2022 ஆகஸ்டிலேயே தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். வழக்கமாகப் பிடிக்கிற லோக்கலின் இடத்தில் ஏ.சி. லோக்கல் வந்து நின்றதைப் பார்த்துக் கல்வாவிலும் பத்லாபூரிலும் பயணிகள் போராடினார்கள். சில நாட்களில் மத்திய ரயில்வே பத்து ஏ.சி. நடைகளை நிறுத்தி, பழையபடி சாதாரண வண்டிகளை விட்டது. ஏ.சி. வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. எங்கள் 8 மணி வண்டியை எடுத்துத்தான் கொடுக்க வேண்டுமா என்று கேட்டார்கள். அவர்கள் குடுமி வளர்க்க மறுத்தவர்கள்.

நெடுந்தூர வண்டிகளில் நீலப் பெட்டி போய் எல்.எச்.பி. என்ற புதுவகைப் பெட்டி வந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2018 ஜனவரியோடு ஐ.சி.எஃப். பழைய வகைப் பெட்டிகளைக் கட்டுவதை நிறுத்திவிட்டது. புதுப் பெட்டிகளின் இணைப்பு வண்டி கிளம்பும்போது முதுகில் ஒரு குத்து குத்தும். வெந்நீர் ஃபிளாஸ்க்கைத் திறந்து வைத்திருந்தவருக்குத் தெரியும். அந்தக் குத்தைக் குறைக்க இணைப்புக்குள் இருக்கும் அதிர்வுதாங்கியை மாற்றியமைத்தார்கள். ஆனால் அதே இணைப்புதான் விபத்தில் ஒரு பெட்டி இன்னொன்றின் மேல் ஏறாமல் தடுக்கிறது. உயிரைக் காக்கிற வண்டி முதுகில் குத்தினால் குத்திவிட்டுப் போகட்டும். எல்லா முணுமுணுப்பும் ஒரே எடையல்ல.

புதிதாகக் கட்டும் மெமு வண்டிகளில், அதாவது மேலே போகும் மின்கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் டெமுவின் தம்பிகளில், கழிப்பறை வைக்கிறார்கள். திருச்சி–காரைக்குடி தடத்தில் கம்பி வந்து சில வருஷங்கள் ஆயிற்று. ஆக, முடியாத காரியம் ஒன்றுமில்லை.

புதுக்கோட்டை ரயிலடியில் ஒரு காலை நேரம். கீரமங்கலம் பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர், ஈரச் சாக்கில் சுற்றிய பூக்கட்டுகளோடு திருச்சி வண்டிக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். விடியும் முன்பே கிளம்பி வந்தவர்கள். கேனைத் தூக்கிக்கொண்டு டீக்காரப் பையன் வந்தான்.

"அப்பத்தா, டீ தரட்டா? சூடா இருக்கு."

நடுவில் இருந்த கிழவி டீயைப் பார்த்தார், தண்டவாளத்தைப் பார்த்தார், டெமு வருகிற திசையைப் பார்த்தார்.

"வேணாஞ்சாமி. எறங்கிக் குடிச்சுக்கிறேன்."

(தொடரும்)