தேத்தண்ணி ஆறட்டும்

அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்த அக்கா ஒருவரின் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். பிரட்டு இல்லாத நாள். முந்தின நாள் மழையில் நனைந்த படங்கை அலசிக்கொண்டிருந்தார். "இன்னைக்காவது கொஞ்சம் படுங்களேன் அக்கா" என்றேன். "எங்க தம்பி நேரம்?" என்றார். அந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

கொழுந்தெடுக்கும் பெண்ணின் நாளை எண்ணுவோம். இருட்டோடு எழும்பி அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பெரிய பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, கைப்பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஓட வேண்டும். பல தோட்டங்களில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். கடைசி நிறுவை முடிந்து லயம் திரும்ப ஐந்து மணியாகிவிடும். கவ்வாத்து, கான் வெட்டு என்று போகும் ஆண்கள் பலருக்குக் கணக்கு வேலை; கொடுத்ததை முடித்தால் மதியத்தோடு வீட்டுக்கு வரலாம். 1984இல் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம்பளம் ஒன்றானது. சாயங்காலம் மட்டும் இன்னும் ஒன்றாகவில்லை. இராச்சோறும் தண்ணீரும் விறகும் உடுப்பும் அவள் வரும்வரை அப்படியே கிடக்கின்றன.

"அரை மணி முந்தி எழும்பி உங்களுக்கென்று வையுங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த அரை மணியும் தூக்கத்திலிருந்துதான் போகும். மதியம் வீட்டுக்கு வந்துவிடும் அண்ணன்மார் அரிசியைக் களைந்து உலையில் போட்டால், அக்காவுக்கு அரை மணி கிடைக்கும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சட்டம் நேரத்தைப் பிரித்துக் கொடுத்த இடமும் ஒன்று உண்டு. மகப்பேற்று நன்மைகள் சட்டப்படி, ஒரு வயது நிறையாத பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்திலேயே இரண்டு இடைவேளை: பிள்ளைக்காம்பரா இருந்தால் அரை மணிக்குக் குறையாமல், இல்லாவிட்டால் ஒரு மணிக்குக் குறையாமல். இதைக் கங்காணியிடம் கூசாமல் கேட்கலாம். சலுகை இல்லை அது, உரிமை.

இனி, நேரமே செலவாகாத ஒரு காரியம். ரொட்டியையும் சம்பலையும் தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்குவதுதான் நம் வழக்கம். சாயத்தில் உள்ள துவர்ப்பு இருக்கிறதே, அது கீரையிலும் பருப்பிலும் மாவிலும் இருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. மாதவிலக்கிலும் பிள்ளைப்பேற்றிலும் இரத்தம் குறையும் பெண்ணுக்கு அது சின்ன நட்டமில்லை. மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குவதும் தலை சுற்றுவதும் பல வேளை இந்த இரத்தக் குறைவால்தான். சம்பலில் பிழிகிற தேசிக்காய் நேர் எதிர் வேலை செய்யும்; இரும்பைச் சேர்க்க உதவும். சம்பல் சேர்த்துக் கொடுப்பதைக் கூட வந்த கோப்பை தட்டிப் பறிக்கிறது. ஆகவே சாப்பாட்டோடு சுடுதண்ணீர் குடியுங்கள். போத்தலில் கொண்டுபோகும் தேத்தண்ணியை ஒரு மணி தள்ளி, நிறுவைக்கு வரிசையில் நிற்கும்போது குடியுங்கள்.

தண்ணீர் என்றதும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மலையில் கக்கூஸ் இல்லை, அதனால் காலையில் ஒரு மடக்குக்கு மேல் குடிப்பதே இல்லையாம். தண்ணீர் குறைந்து, சிறுநீரையும் அடக்கிக்கொண்டே நின்றால் கிருமி தங்கும். எரிவும் காய்ச்சலும் வரும். இந்த இடத்தில் அக்காவுக்குச் சொல்ல என்னிடம் புத்திமதி எதுவும் இல்லை. சில தோட்டங்களில் மலையோரமாகக் கழிப்பறை கட்டியிருக்கிறார்கள். அவர் தோட்டத்திலும் கட்ட வேண்டும். அதைக் கேட்க வேண்டியது தொழிற்சங்கத்தின் கடமை.

பேசி முடிக்கையில் ரொட்டி வந்தது, கூடவே இரண்டு கோப்பை பிளேன்டி. அக்கா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு தன் கோப்பையின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, அடுப்பங்கரைத் திண்டில் தள்ளி வைத்துவிட்டு, கொல்லைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்: "இந்தாங்க, அந்தப் படங்கைக் கொஞ்சம் பிழிஞ்சு காயப் போடுங்க."