கடனில் வளரும் பெரும் பொருளாதாரங்கள்: இந்த வளர்ச்சி எத்தனை காலம் தாங்கும்?

ஒரு நாட்டின் பொருளாதாரம் இத்தனை சதவீதம் வளர்ந்தது என்று செய்தி வரும்போது நாம் அந்த எண்ணை மட்டுமே பார்க்கின்றோம். அந்த வளர்ச்சி எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. உழைப்பும் உற்பத்தியும் பெருகியதால் வந்ததா, அல்லது நாளைய வருமானத்தை இன்றே கடனாக எடுத்துச் செலவழித்ததால் வந்ததா? கடந்த நாற்பது ஆண்டுகளில் ஜப்பான், அமெரிக்கா, சீனா ஆகிய மூன்று பெரும் பொருளாதாரங்களும் இக்கேள்விக்கு முகம் கொடுத்துள்ளன. அவற்றின் அனுபவங்களை வைத்தே இதனை விளக்க முயல்கின்றேன்.

கடன் என்றாலே கேடு என்பது எனது வாதமல்ல. ஒருவர் கடன் பெற்று அரிசி ஆலை ஒன்றை நிறுவுகிறார். ஆலை நெல் குற்றுகிறது, பத்துப் பேருக்குத் தொழில் கொடுக்கிறது, வரும் வருமானத்தில் கடனும் அடைகிறது. இன்னொருவர் அதே தொகையைக் கடன் பெற்று, விலை ஏறும் என்ற நம்பிக்கையில் ஒரு காணியை வாங்கிப் போடுகிறார். இங்கு புதிதாக எதுவும் உற்பத்தியாகவில்லை. காணி கைமாறியது, அவ்வளவுதான். இவரது கடன் அடைய வேண்டுமானால் பின்னால் வரும் ஒருவர், பெரும்பாலும் இதைவிடப் பெரிய கடனில், இதைவிடக் கூடிய விலைக்கு அக்காணியை வாங்க வேண்டும்.

வைப்பாளரின் பணத்தை எடுத்தே வங்கி மற்றவருக்குக் கடன் கொடுக்கிறது என்று பலர் கருதுகின்றனர். நடைமுறை வேறு. கடன் அனுமதிக்கப்படும்போது கடனாளியின் கணக்கில் அத்தொகை வைப்பாகப் பதியப்படுகிறது. அதாவது புதிய பணம் உருவாகிறது. அந்தப் பணம் காணியையும் வீட்டையும் நோக்கி ஓடும்போது அவற்றின் விலை ஏறுகிறது. விலை ஏற, பிணையின் பெறுமதியும் ஏறுகிறது. பிணையின் பெறுமதி ஏற, வங்கி மேலும் கடன் கொடுக்கிறது. இந்தச் சுற்று ஓடும் வரை எல்லோரும் செல்வந்தராகி வருவது போலவே தோன்றும்.

அமெரிக்கப் பொருளியலாளர் ஹைமன் மின்ஸ்கி கடனாளிகளை மூன்று வகையாகப் பிரித்தார். முதல் வகையினர் தமது வருமானத்திலிருந்து முதலையும் வட்டியையும் செலுத்தக் கூடியவர்கள். இரண்டாம் வகையினர் வட்டியை மட்டும் செலுத்தி, முதலுக்காக மீண்டும் கடன் எடுப்பவர்கள். மூன்றாம் வகையினருக்கு வட்டி செலுத்தவும் வருமானம் போதாது. சொத்தின் விலை ஏறுவதை மட்டுமே நம்பியிருப்பவர்கள் அவர்கள். நல்ல காலம் நீடிக்க நீடிக்க முதல் வகையினர் குறைந்து மூன்றாம் வகையினர் பெருகுவார்கள் என்பதே மின்ஸ்கியின் முக்கிய கருத்தாகும்.

ஜப்பானில் 1987 முதல் 1989 வரை மத்திய வங்கி தனது வட்டி வீதத்தை 2.5 சதவீதத்தில் வைத்திருந்தது. காணி விலையும் பங்கு விலையும் விண்ணைத் தொட்டன. 1989 டிசம்பர் இறுதியில் நிக்கேய் பங்குச் சுட்டெண் 38,915 புள்ளிகளை எட்டியது. 1990 இல் வட்டி வீதம் 6 சதவீதமாக உயர்ந்தது; குமிழி உடைந்தது. அச்சுட்டெண் மீண்டும் அதே உயரத்தைத் தாண்டியது 2024 பெப்ரவரியில்தான். இடையில் 34 ஆண்டுகள் கடந்துவிட்டன.

அமெரிக்காவில் 2003 இல் வட்டி வீதம் 1 சதவீதத்திற்கு இறக்கப்பட்டது. வருமானத்திற்குச் சரியான ஆதாரம் இல்லாதவர்களுக்கும் வீட்டுக் கடன் வழங்கப்பட்டது. 2006 இல் வீதம் 5.25 சதவீதமானது. தவணை கட்ட முடியாதவர்கள் பெருகினர், வீட்டு விலைகள் சரிந்தன. 2008 செப்டெம்பர் 15 ஆம் திகதி லீமன் பிரதர்ஸ் வங்கி வங்குரோத்து அடைந்தது.

அந்த நெருக்கடியிலிருந்து தப்ப, 2008 நவம்பரில் சீனா 4 டிரில்லியன் யுவான் ஊக்குவிப்புத் திட்டத்தை அறிவித்தது. அங்கு உள்ளூராட்சி அரசாங்கங்கள் காணி விற்ற வருமானத்தில் பெரிதும் தங்கியிருந்தன. நிர்மாண நிறுவனங்களோ கட்டி முடிக்காத தொடர்மாடி வீடுகளை முன்கூட்டியே விற்றுக் கடனில் வளர்ந்தன. 2020 இல் அரசு கடன் கட்டுப்பாடுகளைக் கொண்டு வந்ததும் நிலைமை வெளிப்பட்டது. 300 பில்லியன் டொலருக்கும் அதிகமான பொறுப்புகளைக் கொண்டிருந்த எவர்கிராண்ட் நிறுவனம் 2021 இல் கடன் தவணையைத் தவறியது. 2024 ஜனவரியில் அதனைக் கலைக்குமாறு ஹொங்கொங் நீதிமன்றம் உத்தரவிட்டது. கட்டி முடியாத வீட்டுக்குத் தவணை செலுத்தி வந்த சாதாரண மக்களே அதிகம் பாதிக்கப்பட்டனர்.

“இத்தனை நடந்தும் இந்நாடுகள் இன்னும் பணக்கார நாடுகளாகத்தானே உள்ளன?” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மக்களும் வங்கிகளும் சுமந்த கடனின் ஒரு பகுதியை அரசு தன் தோளுக்கு மாற்றிக்கொண்டது என்பதே இதற்கான விடை. 2008 இல் சுமார் 10 டிரில்லியன் டொலராக இருந்த அமெரிக்க மத்திய அரசின் கடன் 2024 இறுதியில் 36 டிரில்லியனைத் தாண்டியது. 2024 நிதியாண்டில் அந்நாடு வட்டிக்காகச் செலுத்திய தொகை பாதுகாப்புச் செலவையே மிஞ்சியது. ஜப்பான் அரசின் கடன் அதன் ஆண்டு உற்பத்தியின் இரு மடங்கிற்கும் அதிகம். ஆயினும் அது வங்குரோத்து அடையவில்லை. காரணம், அது தனது சொந்த நாணயத்தில், பெரும்பாலும் தனது மக்களிடமே கடன் பெற்றுள்ளது.

ஆகவே இந்நாடுகள் நாளையே கவிழ்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வருமானம் வளரும் வேகம் வட்டி வீதத்தை விட அதிகமாக இருக்கும் வரை பெரிய கடனையும் ஓரளவு சுமக்கலாம். வட்டி ஏறினால் அக்கணக்கு தலைகீழாகிறது. 2022 மார்ச்சில் பூச்சியத்தை அண்மித்திருந்த அமெரிக்க வட்டி வீதம் 2023 ஜூலையில் 5.25 முதல் 5.5 சதவீதத்தை எட்டியது. கடனைக் கூட்டிக்கொண்டே போவோர் அந்த விலையைப் பணவீக்கமாகவோ, நீண்ட தேக்கமாகவோ, அடுத்த தலைமுறையின் வரிச்சுமையாகவோ செலுத்தத்தான் வேண்டும்.

நம்மைப் போன்ற நாடுகளுக்கு அந்தச் சலுகையும் இல்லை. இலங்கை தனது முதலாவது சர்வதேச இறைமைப் பிணைமுறியை 2007 இல் வெளியிட்டது. 2008 க்குப் பின் மேற்கில் வட்டி பூச்சியத்தை நெருங்கியதும், கூடிய வருவாய் தேடிய முதலீட்டாளர்கள் நம் போன்ற நாடுகளின் டொலர் பிணைமுறிகளை விரும்பி வாங்கினர். நமது ஆட்சியாளர்களும் தயக்கமின்றி வாங்கிக் குவித்தனர். நம்மால் டொலர் அச்சிட முடியாது. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகள் நிறுத்தப்பட்டன. எரிபொருள் வரிசையில் நின்றவர்களுக்கு அதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

“வட்டிதான் காரணம், அதனால்தான் அது ஹராம்” என்று கூறி இவ்விடயத்தை முடித்துவிடுவோர் நம்மில் உள்ளனர். தடை தெளிவானது, அதில் விவாதமில்லை. ஆனால் பெயரை மாற்றுவதால் மட்டும் ஆபத்து நீங்கிவிடாது. 2009 இல் டுபாயின் நகீல் நிறுவனம் 3.5 பில்லியன் டொலர் பெறுமதியான ஸுகூக்கைத் தவணையில் தீர்க்க முடியாமல் தடுமாறி, அபுதாபியின் உதவியால்தான் தப்பியது. பத்திரத்தின் பெயர் ஸுகூக். அதன் பின்னால் இருந்ததோ விலை ஏறும் என்று நம்பப்பட்ட காணியும் கட்டடமும்தான். பணம் கொடுத்தவர் இலாபத்தில் மட்டுமின்றி நட்டத்திலும் பங்கேற்கும் முழாரபா, முஷாரகா முறைகளின் பெறுமதி இங்குதான் புரிகிறது. நட்டத்திலும் பங்கு உண்டு என்றால், பணம் கொடுப்பவர் தொழிலைப் பார்த்துக் கொடுப்பார்; காணியின் விலையைப் பார்த்துக் கொடுக்க மாட்டார்.

எனவே வருமானத்தை விட வேகமாகக் கடன் வளரும் எந்த வளர்ச்சியும் நிலைக்காது என்பதே எனது முடிவு. பெரிய நாடுகள் விலையைத் தள்ளிப்போடலாம், தவிர்க்க முடியாது. அடுத்த முறை வளர்ச்சி வீதத்தைச் செய்தியில் காணும்போது இரண்டு கேள்விகளைக் கேட்போம். அந்தக் கடன் எதனை உற்பத்தி செய்தது? நட்டம் வந்தால் அதனைச் சுமக்கப் போவது யார்? நமது வீட்டுக் கடனுக்கும் கடைக் கடனுக்கும் இவை பொருந்தும்.